மஃபாத்துக்குள் விருந்தாளியாகப் போவது

அன்புள்ள ஐயா,

ஜூலையில் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவுக்கு வருகிறேன். பாரீஸில் என்னோடு வேலை பார்த்த, அந்தத் தீவைச் சேர்ந்த கிரியோல் நண்பர் இப்போது மஃபாத் பள்ளத்தாக்கில், மார்லா ஊரில் தங்குவிடுதி நடத்துகிறார். ரோஷ் பிளாத், லா நூவெல், மார்லா, சிலாவோஸ் எல்லாவற்றையும் இரண்டே நாளில் நடந்துவிட்டு, நடுவில் ஒரு இரவு அவர் வீட்டில் தங்கலாம் என்றிருக்கிறேன். முடியாவிட்டால் ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்துவிடலாமா? அவருக்கு என்ன வாங்கிப் போவது?

— வாசகர், காரைக்கால்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் திட்டத்தில் பாதியை அடித்துவிடுங்கள். இரண்டு நாளில் நான்கு ஊர் என்றால் நண்பர் வீட்டுக்கு இருட்டில் போய், விடியுமுன் கிளம்ப வேண்டியிருக்கும். அதற்காகவா காரைக்காலிலிருந்து வருகிறீர்கள்?

ஹெலிகாப்டர் வேண்டவே வேண்டாம். மஃபாத்துக்குச் சாலை கிடையாது. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், சிமெண்ட் எல்லாம் அதில்தான் வந்து இறங்குகின்றன. அங்குள்ளவர்களுக்கு அது சரக்கு வண்டி. மற்றபடி நடைதான். தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த பள்ளத்தாக்கு அது. பின்னர் நிலமில்லாத ஏழை வெள்ளைக்காரர்களும் குடியேறினார்கள். இவ்ரேன் போசே என்ற தபால்காரர் 1951 முதல் 1991 வரை கடிதப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்த ஊர்களுக்கு நடந்தே போய்வந்தார். நீங்கள் நடக்கப்போவது அப்படிப்பட்ட பாதையில்.

பக்கத்துப் பள்ளத்தாக்கான சலாசி வழியாக கோல் தே பே கணவாய்க்கு வாருங்கள். காலை வெளிச்சத்திலேயே இறங்கத் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் மேகம் ஏறிவிட்டால் எதிரே நிற்கும் மலைகூடத் தெரியாது. கொஞ்ச தூரத்தில் தமரின் மரக்காடு வரும். இந்தத் தீவுக்கே உரிய வேல் இனத்து மரங்கள். காற்றில் சாய்ந்து, கிளையெங்கும் நரைத்த தாடிபோல் பாசி தொங்கும். சேற்றில் கால் புதையாமல் இருக்க வழியில் உருளைக் கட்டைகள் பதித்திருப்பார்கள். ஈரக் கட்டை வழுக்கும், பிடிமானமுள்ள பூட்ஸ் அவசியம். லா நூவெலில் சாப்பிட்டுவிட்டு நடந்தால் பொழுதோடு மார்லா சேரலாம். அங்கே குளிர்காலமான ஜூலையில் மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மார்லா சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவுக் குளிர் நடுக்கிவிடும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே இரண்டு இரவாவது தங்குங்கள். விறகடுப்பில் சோறு, பருப்பு, தக்காளியும் பச்சை மிளகாயும் இஞ்சியும் கல்லில் இடித்த ருகாய். நம் வீட்டுத் துவையலுக்குப் பக்கத்தில் வரும் ருசி. அடுப்பங்கரையில் உட்கார்ந்து அவர் இடிப்பதைப் பாருங்கள். பாரீஸ் கதையெல்லாம் அங்கேதான் பேச வரும்.

என்ன வாங்குவது என்று அவரிடமே போனில் கேளுங்கள். முதுகில் சுமந்து வரும் எதற்கும் அங்கே மதிப்புண்டு. எனக்குத் தெரிந்த வீடுகளுக்கு நான் காபித்தூளும் பழமும் கொண்டுபோவேன். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் குப்பையை நீங்களே திரும்பச் சுமந்து வாருங்கள்.

ரோஷ் பிளாத் அடுத்த முறைக்கு இருக்கட்டும். மஃபாத்துக்கு வெளியே உள்ள சிலாவோஸ் பக்கம் இறங்க 2,081 மீட்டர் உயரமுள்ள தைபி கணவாயைத் தாண்ட வேண்டும். நண்பரையும் கணவாய் வரை கூட வரச் சொல்லுங்கள், பேசிக்கொண்டே போனால் ஏற்றம் தெரியாது.