பேய்க்கதையும் பேர்க்கணக்கும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தேயிலைத் தோட்டத்தை வைத்து ஒரு பேய்க்கதை எழுதியிருக்கிறேன். ஆட்களைக் கட்டி மேய்த்துச் செத்துப்போன கங்காணி ஒருவன் இராத்திரியில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கதவுகளைத் தட்டிப் பழைய கடனைக் கேட்கிறான். "பேய்க்கதைக்குள் சம்பளமும் கடனும் எதற்கு, பிரசாரமாகிவிடும்" என்கிறார் ஒரு நண்பர். எடுத்துவிடவா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: எடுக்கவே எடுக்காதீர்கள், தங்கச்சி. உங்கள் கதையில் பேய் அந்தக் கடன்தான். கங்காணி அதற்கு வசூல்காரன்.

துண்டு முறையை நினைத்துப் பாருங்கள். இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிய கங்காணி வழிச்செலவையும் சாப்பாட்டையும் அந்த ஆட்கள் பேரிலேயே எழுதினான். மலையைக் கண்ணால் பார்க்கும் முன்பே கடனாளி. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் தோட்டத்தை நடத்தும் துரை எழுதித்தரும் துண்டுச் சீட்டு வேண்டும். இன்ன கடனைக் கட்டினால் ஆளை விடுவேன் என்று அதில் இருக்கும். புதுத் தோட்டம் கட்டிவிடும், ஆனால் அந்தக் காசு மறுபடி தொழிலாளியின் தலையில்தான் ஏறும். துரை மாறினாலும் மலை மாறினாலும் கடன் கூடவே வந்தது. 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டை ஒழித்தார்கள்.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கதவு தட்டுவது, நாய் ஊளையிடுவது எல்லாம் வேண்டாம். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போங்கள். என் அம்மா கூடையை இறக்கியதும் தராசு முள்ளைத்தான் பார்ப்பார். முள் ஆடி நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை நிறையைச் சொல்லிவிடுவார். அப்புறம் சாக்குக்கு, தண்ணிக்கு என்று கழிப்பார். மழை நாளில் கழிவு கூடும். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். விடியக்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், அட்டைக் கடியோடு பொழுது சாயும்வரை மலையில் நின்றவருக்கு அரைப்பேர்! அம்மா ஒன்றும் பேசமாட்டார். கறை ஏறிய விரல்களை இடுப்புப் படங்கில் துடைத்துக்கொண்டே இருப்பார். இது பழைய கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்த பிறகும், 18 கிலோ, 20 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் என்ற தோட்டங்கள் உண்டு.

உங்கள் கங்காணி விடியற்காலைப் பிரட்டுக்கு வரட்டும். பேர்ப்பதிவுப் புத்தகமான செக்ரோலைத் திறந்து செத்தவர்களின் பேரை ஒவ்வொன்றாக வாசிக்கட்டும். வரிசையிலிருந்து யாராவது பதில் சொல்லட்டும். எனக்கு அதைவிடப் பயம் வேறில்லை.

கேள்வி: மார்க்ஸ் இரத்தக்காட்டேறியைப் பற்றி எழுதினாராமே, உண்மையா?
– வாசகர், ஹட்டன்

பதில்: உண்மைதான். மூலதனம் செத்துப்போன உழைப்பு, உயிருள்ள உழைப்பை இரத்தக்காட்டேறி போல உறிஞ்சித்தான் அது உயிர் வாழ்கிறது என்று 'மூலதனம்' முதல் தொகுதியில் எழுதினார். அது வந்தது 1867இல். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதும் அதே 1867இல்தான். அந்த வரியைவிட என்னைத் தூங்கவிடாதது அதே அத்தியாயத்தில் வரும் மேரி ஆன் வாக்லி. லண்டன் தையல்கடையில் வேலை செய்த 20 வயதுப் பிள்ளை. இளவரசிக்காக நடந்த நடன விருந்துக்கு உடை தைக்க 26½ மணி நேரம் ஓய்வில்லாமல் உட்கார்ந்து, 1863இல் செத்துப்போனாள். ஒரு அறைக்கு முப்பது பேர், மூச்சுவிடக் காற்றில்லை. நம் லயத்துக் காம்பராவில் வளர்ந்தவர்களுக்கு அந்த அறை நன்றாகவே தெரியும்.

கேள்வி: சாம்பி என்ற நடமாடும் பிணம் வெள்ளைக்காரன் சரக்கு. அதைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும்?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: இல்லை, தம்பி. அது ஹெயிட்டியின் கருப்பு மக்களுடையது. பிரெஞ்சுக்காரனின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாகச் செத்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய சாம்பி யாரையும் கடித்துத் தின்னாது. செத்த பிறகும் எழுப்பப்பட்டு இன்னொருவன் வயலில் கூலியில்லாமல் உழைக்கும், அவ்வளவுதான். உப்பு நாக்கில் பட்டால் தான் செத்தவன் என்பது நினைவுக்கு வந்து, புழுதியைத் தோண்டிக் கல்லறைக்கே திரும்பிவிடும் என்பார்கள். 1932இல் வந்த 'ஒயிட் சாம்பி' படத்தில் சீனி ஆலையில் ஒருவன் அரைவைக்குள் விழுவான், மற்றவர்கள் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். நம் ஆட்கள் தேயிலை ஆலையில் ரோதமுனி என்ற காவல் தெய்வத்தைக் கும்பிட்டதும் கையை இழுத்துக்கொள்ளும் இயந்திரத்துக்குப் பயந்துதானே? ரோதமுனியை வைத்து ஒரு நல்ல கதையை எழுதி அனுப்புங்கள், ஆவலோடு படிப்பேன்.

கேள்வி: நான் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறேன். இங்கே மலையுமில்லை, முனியுமில்லை. எதை எழுதுவது?
– வாசகர், புறக்கோட்டை

பதில்: கடை மூடிய பிறகு எங்கே படுக்கிறீர்கள்? வெளிப் பூட்டின் சாவி யார் கையில்? உங்கள் அடையாள அட்டை உங்களிடம்தான் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதில் எது உங்களுக்குப் படபடப்பைத் தருகிறதோ, அதிலிருந்து கதையைத் தொடங்குங்கள்.