ரிமோட்டில் நடக்கும் கரப்பான்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மூளையில் சிப் வைத்துத்தான் கரப்பானை ஓட்டுகிறார்களா?

பதில்: பெரும்பாலும் மூளையைத் தொடுவதே கிடையாது. கரப்பான் இருட்டில் உணர்கொம்புகளால் துழாவித்தான் வழி பார்க்கும். இடது கொம்பு எதிலாவது பட்டால் வலப்பக்கம் திரும்பும். அந்தக் கொம்பின் நுனியை வெட்டி, மயிரிழை போன்ற கம்பியை உள்ளே நுழைத்து லேசாக மின்துடிப்பு கொடுத்தால், எதிலோ முட்டிவிட்டதைப் போலவே அது திரும்புகிறது. வால்முனையில் இருக்கும் இரண்டு உணர்வுறுப்புகளைத் தூண்டினால், பின்னால் ஆபத்து என்று முன்னால் ஓடும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹோல்சரும் ஷிமொயாமாவும் 1997-லேயே கரப்பானைத் தூண்டித் திருப்பிக் காட்டிவிட்டார்கள். திரும்புவது பூச்சிதான், நாம் கொடுப்பது பொய்த் தகவல். அதனால்தான் துடிப்பு திரும்பத் திரும்ப வந்தால் அதற்குப் பழகிப்போய், கண்டுகொள்ளாமல் தன் போக்கில் போய்விடுகிறது.

கேள்வி: பறக்கும் பூச்சி?

பதில்: அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சாட்டோ, மகார்பிஸ் குழுவினர் 2009-ல் பெரிய வண்டுகளில் செய்தார்கள். மூளையில் பார்வைக்கான பகுதிகளைத் தூண்டினால் சிறகடிப்பு தொடங்கும், நிற்கும். ஒரு பக்கத்துப் பறப்புத் தசையைத் தூண்டினால் திரும்பும். இங்கே மூளையையே தொடுகிறார்கள்.

கேள்வி: வீட்டில் செய்து பார்க்கலாமா? (மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.)

பதில்: வேண்டாம். 2013 முதல் இதற்கான கிட் விற்பனைக்கு வந்தது உண்மைதான். கம்பியைப் பொருத்துமுன் மயக்குவதற்காக ஐஸ் தண்ணீரில் போட்டால் பூச்சி அசையாமல் கிடக்கும். அசையவில்லை என்பதால் உணரவில்லை என்று ஆகாது.

கேள்வி: இடிபாடுகளில் ஆள் தேட உதவும் என்பது வெறும் பேச்சா?

பதில்: வெறும் பேச்சில்லை. 2025 மார்ச் 28-ல் மியான்மரில் நிலநடுக்கம் வந்தபோது சிங்கப்பூர் மீட்புக்குழு இப்படிப்பட்ட 10 கரப்பான்களை அகச்சிவப்பு கேமராவோடு கொண்டுபோனது. அந்தத் தேடலில் கரப்பான்களால் யாரையும் உயிரோடு கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் பூச்சியால் ஒரு லாபம் உண்டு: இந்த அளவில் ஒரு ரோபோ செய்தால் மோட்டாரே பேட்டரியைத் தின்றுவிடும். இங்கே கால்கள் பூச்சியின் சொந்த உணவில் ஓடுகின்றன, பேட்டரி சிக்னலுக்கும் கருவிகளுக்கும் மட்டும். 2022-ல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வாளர்கள் 4 மைக்ரோமீட்டர் தடிமனில் சூரியத் தகட்டை அதன் முதுகில் ஒட்டி, அந்தப் பேட்டரியையும் சார்ஜ் செய்துகாட்டினார்கள்.

கேள்வி: பூச்சிக்குத்தான் வலிக்காதே, அப்புறம் என்ன நெறிமுறை?

பதில்: வலிக்காது என்று யார் நிரூபித்தார்கள்? 2022-ல் லண்டன் ஆய்வாளர்கள் பம்பிள் தேனீக்களுக்கு 55 டிகிரி சூட்டில் தீனிக்கிண்ணங்களும், சூடில்லாத கிண்ணங்களும் வைத்தார்கள். இரண்டிலும் இனிப்பு சமமாக இருந்தால் சூட்டைத் தவிர்த்தன. சூடான கிண்ணத்தில்தான் இனிப்பு அதிகம் என்றால் சூட்டைப் பொறுத்துக்கொண்டன. வெறும் அனிச்சைச் செயல் இப்படி எடைபோட்டுப் பார்க்காது. வலி உறுதி என்று நானும் சொல்லவில்லை.

கேள்வி: பூச்சிமருந்தில் கோடிக்கணக்கில் கொல்கிறோமே, பத்துக் கரப்பானுக்கா இவ்வளவு யோசனை?

பதில்: அங்கே யோசிக்காமல் விட்டோம் என்பது இங்கேயும் யோசிக்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. ஒரு பூச்சியை வேலைக்கு வைத்துக்கொண்டால் அதன் பொறுப்பு நம்முடையது.

கேள்வி: அப்படியானால் தடை செய்யணுமா?

பதில்: கூடாது. காயம் குறைந்த முறைகளைக் கட்டாயமாக்கணும். சிங்கப்பூர் நான்யாங் பல்கலைக்கழகத்தில் கொம்பை வெட்டாமல், கழுத்துத் தகட்டுக்குக் கீழே மின்முனையைப் பொருத்துகிறார்கள். 68 நொடியில் ஒரு ரோபோ கையே செய்துவிடுகிறது. அப்படி வழி இருக்கும்போது கத்தரியை எடுப்பானேன்?

கேள்வி: உளவு பார்க்க?

பதில்: அமெரிக்காவின் ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா 2006-லேயே இதற்குப் பணம் போட்டது. ராணுவ விவகாரம் என் துறை இல்லை, அது தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கிட் எங்கே கிடைக்கும்?

பதில்: மேலே படியுங்கள். வேண்டாம்.

கேள்வி: வேலை முடிந்த பூச்சியை என்ன செய்வார்கள்?

பதில்: இதை முதலிலேயே யாராவது கேட்பீர்கள் என்று நினைத்தேன். இந்த ஆய்வுகளில் பயன்படும் மடகாஸ்கர் கரப்பான் ஆண்டுக்கணக்கில் வாழும். குஞ்சாக இருந்தால் அடுத்தடுத்துத் தோலுரிக்கும்போது வெட்டிய கொம்பு திரும்ப வளரும். வளர்ந்த பூச்சி தோலுரிப்பதில்லை, அதன் கொம்பு போனது போனதுதான். ஓய்வு கொடுத்து வளர்த்தார்களா, கொன்றார்களா, எப்படிக் கொன்றார்கள் என்பதையெல்லாம் ஒவ்வொரு ஆய்வுக்கட்டுரையும் சொல்லியே ஆகவேண்டும்.