அழுதவரும் கத்தியவரும்

அன்புள்ள சார்,

நான் நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறேன். ஐ.டி. வேலை. அமெரிக்கன் ஃபுட்பால் பாதி புரியும், மீதியைப் புரிந்த மாதிரி தலையாட்டிச் சமாளிப்பேன். என் டீமில் ஒருவர் இருக்கிறார், ஐம்பதைத் தாண்டியவர், நியூயார்க் ஜெட்ஸ் அணியின் வெறியர். 2023 செப்டம்பரில் அந்த அணிக்குப் புதிதாக வந்த குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் முதல் மேட்சிலேயே குதிகால் தசைநார் அறுந்து விழுந்தாரே, அதற்கு மறுநாள் இவர் துக்க வீட்டிலிருந்து வந்தவர் போல ஆபீஸுக்கு வந்தார். சாப்பிடும்போது பேச்சு அங்கே போனதும் கண் கலங்கிவிட்டது. எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பக்கத்து மேஜையில் இன்னொருவர், "கோவிட் தடுப்பூசி விஷயத்தில் டாக்டர்களுக்கே பாடம் எடுத்தவர், இப்போது டாக்டரிடம்தானே போகணும்" என்று சிரித்தார்.

2025 செப்டம்பரில் அதே ராட்ஜர்ஸ் பிட்ஸ்பர்க் அணிக்காக அதே ஸ்டேடியத்துக்கு வந்தார். அன்றைக்கு அழுத நண்பர் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், அவரைப் பார்த்து 'பூ' (boo) என்று வெறுப்போடு கத்திவிட்டு வந்திருக்கிறார். அதைப் பெருமையாக வேறு சொல்கிறார். அன்று அழுதது பொய்யா, இன்று கத்தியது பொய்யா? ஒரு மனிதர் கால் போய்க் கிடக்கும்போது "நம்ம சீசன் போச்சே" என்று அழுவதில் என்ன மனிதாபிமானம் இருக்கிறது? சிரித்தவரே மேல் என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது.

பெயர் வேண்டாம்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் இரண்டு தடவையும் உண்மையாகத்தான் இருந்திருக்கிறார். ஒரே ஆள், ஒரே காரணம். நீங்கள் நடுவில் இருக்கும் ஒரு வருடத்தை விட்டுவிட்டீர்கள், அதனால்தான் இரண்டும் பொருந்தாமல் தெரிகிறது. அதற்கு வருகிறேன்.

இந்த ஆட்டம் பார்க்காத மற்ற வாசகர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டில் எவ்வளவு பெரிய ஆள் அவுட்டானாலும் மீதிப் பேர் ஆடுவார்கள், எட்டாவதாக இறங்குகிறவர்கூட மேட்சைத் தூக்கி நிறுத்தலாம். குவாட்டர்பேக் விஷயம் வேறு. அணி தாக்கி ஆடும் கிட்டத்தட்ட ஒவ்வொரு பிளேயும், அதாவது ஆட்டத்தின் ஒவ்வொரு சிறு சுற்றும், பந்து இவர் கைக்கு வந்துதான் தொடங்கும். இவர் போய்விட்டால் மற்றவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் அது வேறு அணி. ஒரு குவாட்டர்பேக் விழும்போது ஸ்டேடியமே மூச்சைப் பிடித்துக்கொள்வது அதனால்தான்.

ஜெட்ஸ் ரசிகர்களின் கதை தனி. அந்த அணி சூப்பர் பௌல், அதாவது சீசனின் இறுதி ஆட்டம், ஜெயித்தது ஒரே ஒரு தடவை, 1969 ஜனவரியில். அப்போதைய குவாட்டர்பேக் ஜோ நாமத் சில நாள் முன்பே "ஜெயிப்போம், உத்தரவாதம் தருகிறேன்" என்று சொல்லி, பால்டிமோர் கோல்ட்ஸை 16-7 என்று தோற்கடித்தார். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. 2010 சீசனுக்குப் பிறகு பிளேஆஃப் என்ற கடைசிக் கட்ட நாக்அவுட் சுற்றுக்குக்கூடத் தகுதி பெறவில்லை. அப்பா வழியாக மகனுக்கு வரும் சொத்து மாதிரி இந்தத் தோல்வி அங்கே குடும்பத்தில் வருகிறது, யாரும் கேட்டு வாங்குவதில்லை.

அப்படிப்பட்ட இடத்துக்கு 2023 ஏப்ரலில் ராட்ஜர்ஸ் வந்து சேர்ந்தார். கிரீன் பே அணிக்கு சூப்பர் பௌல் வாங்கித் தந்தவர், நான்கு தடவை லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது வாங்கியவர், அதில் கடைசி இரண்டு 2020, 2021. வயதுதான் 39. வந்த முதல் நாளே, அந்த சூப்பர் பௌல் கோப்பை பாவம் தனியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், ஊரே விழுந்துவிட்டது. நாமத் தன்னுடைய 12ஆம் ஜெர்சி எண்ணை எடுத்துக்கொள் என்று சொல்லியும், வேண்டாம், அது அவருடையது என்று 8 போட்டுக்கொண்டார். ஒப்பந்தத்தை மாற்றி எழுதி சுமார் 3.5 கோடி டாலரை விட்டுக்கொடுத்ததாகவும் செய்தி வந்தது. இதற்கெல்லாம் மயங்காத ரசிகன் ரசிகனே இல்லை.

செப்டம்பர் 11, திங்கட்கிழமை இரவு. நியூயார்க்குக்கு அது எப்படிப்பட்ட தேதி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையில் அமெரிக்கக் கொடியோடு ஓடி வருகிறார், ஜெட்ஸின் சொந்த மைதானமான மெட்லைஃப் ஸ்டேடியம் அதிர்கிறது. நான்காவது பிளே. எதிரணியான பஃபலோவின் லெனர்ட் ஃபிளாய்ட் பின்னாலிருந்து பிடித்து இழுத்துச் சாய்க்கிறார். பார்த்தால் சாதாரண விழுகைதான், இதைவிட மோசமாக ஆயிரம் தடவை விழுந்து எழுந்தவர். எழுந்து நிற்கவும் செய்தார். நின்றுவிட்டு, ஏதோ யோசித்தவர் போல, தானாகவே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த உட்கார்ந்த விதத்தைத்தான் ஜெட்ஸ் ரசிகர்கள் மறக்க முடியாமல் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இடது குதிகால் தசைநார் முழுதாக அறுந்திருந்தது. இந்தக் காயத்தில் பலருக்கு முதலில் பெரிய வலிகூட இருக்காது, பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருக்கும், திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. அந்த சீசனுக்கான அவருடைய மொத்தக் கணக்கு: வீசிய பாஸ் ஒன்று, அதுவும் யார் கையிலும் சேரவில்லை.

உங்கள் நண்பருக்கு ஐம்பதுக்கு மேல் என்கிறீர்கள். அப்படியானால் அவருக்கு 1999 நினைவிருக்கும். அதற்கு முந்தைய சீசனில் ஜெட்ஸ் 12-4 (12 வெற்றி, 4 தோல்வி), சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே வரை போய் டென்வரிடம் தோற்றார்கள். அடுத்த வருடம் நிச்சயம் என்று எல்லோரும் உட்கார்ந்திருக்க, முதல் மேட்சில், சொந்த ஊரில், 35 வயது குவாட்டர்பேக் வின்னி டெஸ்டவெர்டிக்கு இதே குதிகால் தசைநார் அறுந்தது. சீசன் 8-8 என்று முடிந்தது. அதே அணி, அதே காயம், அதே முதல் மேட்ச். இப்போது இன்னொரு தடவை என்றால் அவர் யாருக்காக அழுவார் என்று நினைக்கிறீர்கள்? ராட்ஜர்ஸுக்கு நல்ல டாக்டர் இருக்கிறார், பணம் இருக்கிறது, புகழ் இருக்கிறது. உங்கள் நண்பர் தனக்காகத்தான் அழுதார். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. முன்பின் பழகாத ஒருவருக்காக அழுகிறேன் என்று சொல்லியிருந்தால்தான் எனக்கு சந்தேகம் வந்திருக்கும்.

வயதும் இதில் சேர்ந்துகொள்கிறது. இருபத்துநாலு வயதுப் பையன் விழுந்தால் ரசிகர்கள் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள். 39இல் விழுந்தால் அந்த வாக்கியம் வாயில் வராது. வயதான நட்சத்திரத்தை வாங்கும் அணி ஒன்றிரண்டு வருடத்தைத்தான் வாங்குகிறது, அதில் ஒன்று நான்கு பிளேயில் தீர்ந்துபோனது. அது மட்டுமில்லை, அவருக்குப் பதிலாக இறங்கியவர் ஸாக் வில்சன். அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2021இல், இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டவர், எதிர்பார்த்த மாதிரி வராததால் முந்தைய சீசனில் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர். எந்த ஆளிடமிருந்து தப்பிக்க ராட்ஜர்ஸைக் கொண்டுவந்தார்களோ அந்த ஆளே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே வருகிறார். பாவம் அந்தப் பையன், அவன் என்ன செய்வான்.

வேடிக்கை என்னவென்றால் அந்த மேட்சை ஜெட்ஸ் ஜெயித்தது! ஜார்டன் வைட்ஹெட் மூன்று தடவை பஃபலோ குவாட்டர்பேக் ஜோஷ் ஆலனின் பாஸைப் பறித்தார், கூடுதல் நேரத்தில் ஸேவியர் கிப்சன் என்ற புதுப் பையன், டிராஃப்டில் யாருமே எடுக்காதவன், பஃபலோ உதைத்த பந்தைப் பிடித்து 65 கஜம் ஓடி எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டான். 22-16. உங்கள் நண்பரும் அப்போது நாற்காலியிலிருந்து குதித்துத்தான் இருப்பார். மறுநாள் காலையில் ஸ்கேன் முடிவு வந்தபிறகுதான் நீங்கள் பார்த்த அந்த முகம்.

சரி, இப்போது நீங்கள் விட்ட வருடம்.

ஆபரேஷன் முடிந்து பதினோரு வாரத்தில், நவம்பர் கடைசியில், ராட்ஜர்ஸ் பயிற்சிக்குத் திரும்பினார். டிசம்பரில் ஆடுவார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நாற்பதைத் தொடும் ஆளுக்கு இது நடக்காது என்று அறிவுக்குத் தெரியும், ஆனாலும் ரசிகர்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 17 அன்று மயாமியிடம் 30-0 என்று தோற்று, பிளேஆஃப் வாய்ப்பு போனதும் அந்தப் பேச்சும் நின்றது. சீசன் 7-10. ஆனால் யாரும் உடைந்துபோகவில்லை. "அவர் இருந்திருந்தால்" என்ற ஒரு வாக்கியம் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டலாம், ஓட்டினார்கள்.

2024இல் அவர் இருந்தார். 17 மேட்சிலும் ஆடினார். அணி 5-12. அவர் நான்கு பிளே மட்டுமே ஆடிய வருடத்தைவிட இரண்டு வெற்றி குறைவு! ஐந்து மேட்ச் முடிந்ததும் பயிற்சியாளர் ராபர்ட் சாலேயை அனுப்பினார்கள், அடுத்த மாதம் பொது மேலாளரையும் அனுப்பினார்கள். எல்லாம் ராட்ஜர்ஸின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன், எண்களைப் பார்த்தால் அவர் அவ்வளவு மோசமாக ஆடவும் இல்லை, 28 டச்டவுன் பாஸ். ஆனால் அந்த வாக்கியம் போய்விட்டது. காயம் ஜெட்ஸ் ரசிகர்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் கட்சி. அது அவர்களுடைய கற்பனையை ஒரு வருடம் பத்திரமாக வைத்திருந்தது. உடம்பு சரியாகி வந்து அவர் ஆடியபோதுதான் நிஜமான நஷ்டம். 2023 இரவைத் திரையிட்டுக் காட்டினால் இப்போதும் உங்கள் நண்பர் கண் கலங்குவார், 2024இன் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காட்டினால் சேனலை மாற்றச் சொல்வார்.

அதனால்தான் 'பூ'. போன மனிதர் போன இடத்தில் சும்மாவும் இருக்கவில்லை. அந்த மேட்சில் நான்கு டச்டவுன் பாஸ் போட்டு, பிட்ஸ்பர்க்கை 34-32 என்று ஜெயிக்க வைத்தார், 41 வயதில், அதே தரையில். இதையெல்லாம் அன்றைக்கே செய்திருக்கலாமே ஐயா என்று யாருக்குத்தான் கத்தத் தோன்றாது?

அப்புறம், சிரித்தவர். அவரே மேல் என்கிறீர்களே, அங்கேதான் நான் உங்களோடு சேரமாட்டேன். தடுப்பூசி விஷயத்தில் ராட்ஜர்ஸ் நடந்துகொண்டது எனக்கும் பிடிக்கவில்லை. 2021இல் போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டபோது நேராகப் பதில் சொல்லாமல், கேட்டவர்கள் 'ஆமாம்' என்று புரிந்துகொள்ளும்படி பேசினார், நவம்பரில் கோவிட் வந்தபிறகு குட்டு உடைந்தது. கோபப்பட நல்ல காரணம்தான். ஆனால் கோபத்துக்கும் குதிகாலுக்கும் என்ன சம்பந்தம்? ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் ஒரு நக்கல், அதோடு போய்விடும், அவரைப் பெரிய பாவி என்றும் சொல்ல வரவில்லை. ஸ்டேடியத்தில் நடந்தவற்றைப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. 1999இல் பிலடெல்ஃபியாவில் டாலஸ் அணியின் மைக்கேல் இர்வின் கழுத்தில் அடிபட்டு அசையாமல் கிடந்தபோது கூட்டத்தில் ஒரு பகுதி ஆரவாரம் செய்தது, அவர் அதற்குப்பின் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. அவராவது எதிரணி. 2012இல் கன்சாஸ் சிட்டியில் சொந்த அணியின் குவாட்டர்பேக் மேட் கேசல் தலையில் அடிபட்டு விழுந்ததும் சொந்த ரசிகர்களில் சிலரே கைதட்டினார்கள். அவருடைய அணித்தோழர் எரிக் வின்ஸ்டன் மேட்ச் முடிந்து கொந்தளித்துவிட்டார், நாங்கள் கிளாடியேட்டர்கள் இல்லை, இது ரோமானிய அரங்கமும் இல்லை என்று. 2019இல் ஆண்ட்ரூ லக், 29 வயது, அடிமேல் அடிபட்டு உடம்பு தாங்கவில்லை என்று ஓய்வு பெறும் செய்தி மேட்ச் நடக்கும்போதே கசிந்தது. இண்டியானாபொலிஸில் அவர் மைதானத்தை விட்டு நடந்து போகும்போது சொந்த ஊர்க்காரர்கள் 'பூ' என்று கத்தினார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்காத ஒன்று. முழு உடம்போடு எதிரணியில் நிற்கும் ராட்ஜர்ஸைக் கத்துவது ஆட்டத்தின் ஒரு பகுதி. வலிக்கிறது, போதும் என்று போகிறவரைக் கத்துவது வேறு ரகம். உங்கள் நண்பர் முதல் வகை, விட்டுவிடுங்கள்.

இப்போது பந்தயமும் சேர்ந்துகொண்டது. விளையாட்டுப் பந்தயத்துக்குக் கதவு திறந்துவிட்ட 2018 தீர்ப்பின் வழக்கே உங்கள் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனதுதான். கையில் போன் இருக்கும் யாரும் பணம் கட்டலாம் என்றான பிறகு, அடிபட்டவர் மேல் கோபப்படுகிறவர்களில் எத்தனை பேர் ரசிகர்கள், எத்தனை பேர் பணம் விட்டவர்கள் என்று பிரிக்கவே முடிவதில்லை. அழுகிற உங்கள் நண்பர் இவர்களுக்கு முன்னால் எனக்குக் குழந்தை மாதிரி தெரிகிறார்.

நியாயமான ஒரு கோபம் வேண்டுமென்றால் அந்தத் தரை இருக்கிறது. மெட்லைஃபில் இருப்பது செயற்கைப் புல். ராட்ஜர்ஸ் விழுந்த அந்த வாரமே ஆட்டக்காரர்கள் சங்கம் எல்லா ஸ்டேடியத்திலும் நிஜப் புல் வேண்டும் என்று மறுபடி கேட்டது. அவருடைய காயத்துக்குத் தரைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சாலேயே அன்று, இது இழுத்துச் சாய்த்ததில் வந்த அடி, தரையைக் குற்றம் சொல்ல முடியாது என்றார். அந்த மே மாதம் ராட்ஜர்ஸுக்குக் கெண்டைக்காலில் ஒரு பிடிப்பும் இருந்தது. ஆனால் 2026 ஜூலை உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டத்தை அந்த ஸ்டேடியத்துக்குக் கொடுத்தபோது, ஃபிஃபா நிஜப் புல்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டது, சரி என்று ஒத்துக்கொண்டார்கள். சில வாரம் வந்து போகிறவர்களுக்குப் புல் போட முடியும், வருடா வருடம் அங்கேயே விழுந்து எழும் சொந்த ஆட்டக்காரர்களுக்கு முடியாதாம். உங்கள் நண்பர் இதைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள், அந்தக் கடிதத்தையும் போடுகிறேன்.