ஹௌலின் நகரும் கோட்டை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டயானா வின் ஜோன்ஸ் எழுதி 1986இல் வெளிவந்த 'ஹௌல்ஸ் மூவிங் காஸில்' நாவலைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். தொப்பிக் கடையில் வேலை செய்யும் சோஃபி, சூனியக்காரியின் சாபத்தால் ஒரே நாளில் கிழவியாகிறாள். இளம்பெண்களின் இதயத்தைத் தின்பவன் என்று ஊரே பயப்படும் மந்திரவாதி ஹௌலின் கோட்டையில் போய் ஒண்டிக்கொள்கிறாள். கதையின் முடிவையும் பேசியிருக்கிறேன். இன்னும் படிக்காதவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மியாசாகியின் படத்தைப் பலமுறை பார்த்துவிட்டேன் அக்கா. இனி நாவலில் எனக்கு என்ன பாக்கி இருக்கிறது?

பாதிக் கதை பாக்கி இருக்கிறது. இந்த நாவலை வைத்து ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி 2004இல் எடுத்த அந்த அனிமேஷன் படம் போரை நடுவில் வைத்துக்கொண்டது. நாவலுக்கு நடுவில் இருப்பது குடும்பம். படத்தில் சிறுவனாக வரும் உதவியாளன், நாவலில் மைக்கேல் என்ற பதினைந்து வயதுப் பையன். சோஃபியின் தங்கை மீது அவனுக்குக் காதல். கோட்டைக் கதவின் குமிழில் நான்கு நிறங்கள் உண்டல்லவா? நாவலில் கறுப்பு நிறத்தைத் திருப்பினால் கதவு நம் உலகத்து வேல்ஸில் திறக்கிறது. ஊரை நடுங்கவைக்கும் மந்திரவாதி அங்கே வெறும் ஹவல் ஜென்கின்ஸ். உருப்படியாக ஒரு வேலை பார்க்கக் கூடாதா என்று கடிந்துகொள்ளும் சகோதரி இருக்கிறாள், கணினி விளையாட்டிலிருந்து தலையைத் தூக்காத அவள் மகன் இருக்கிறான். அந்த அத்தியாயத்துக்காகவே நாவலைப் படியுங்கள்.

சோஃபிக்கு மந்திரம் தெரியுமா, தெரியாதா? தொடக்கத்தில் ஒன்றும் இல்லாதவள்போல இருக்கிறாளே.

தெரியும். அவளுக்குத்தான் அது தெரியாது. அவள் சொன்னால் பலிக்கும். தனியாக உட்கார்ந்து தொப்பி தைக்கும்போது பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் தொப்பிகளிடமே பேசுகிறாள். 'பெரிய இடத்து மாப்பிள்ளை ஒருவன் உன்னிடம் மயங்குவான்' என்ற பொருளில் ஒரு தொப்பியிடம் சொல்லிவைக்கிறாள். அதை வாங்கிப் போட்டுக்கொண்ட பெண் ஒரு பிரபுவோடு ஓடிப்போய்விடுகிறாள். முதல் வாசிப்பில் இதை ஊர்வம்பு என்று நினைத்துக் கடந்துவிடுவோம்.

இதன் மறுபக்கம்தான் நாவலின் உயிர். மூன்று பிள்ளைகளில் மூத்தது எந்த முயற்சியில் இறங்கினாலும் தோற்கும் என்பது அந்த நாட்டுக் கதைகள் சொல்லும் விதி. மூத்தவளான சோஃபி அதை அப்படியே நம்புகிறாள். தனக்கு ஒன்றும் வாய்க்காது என்று நாளெல்லாம் தனக்கே சொல்லிக்கொள்கிறாள். வாக்குப் பலிக்கும் ஒருத்தி இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அவளுக்குத் தெரியாமலே ஹௌல் அந்தச் சாபத்தை எடுக்கப் பலமுறை முயல்கிறான். முடியவில்லை. கிழவி வேஷம் அவளுக்கே பிடித்திருக்கிறது என்ற முடிவுக்கு வருகிறான். என் வாசிப்பில், சூனியக்காரி போட்ட சாபத்தைப் பிடித்துவைத்திருப்பதில் பெரும்பங்கு சோஃபியுடையது.

நடுவில் ஒரு கவிதை வருகிறது. இரண்டு முறை படித்தும் பிடிபடவில்லை.

அது ஆங்கிலக் கவிஞர் ஜான் டன் எழுதியது. அவர் 1631இல் இறந்தார். விழும் நட்சத்திரத்தைப் பிடி, கடற்கன்னிகளின் பாட்டைக் கேட்கக் கற்றுக்கொடு என்று நடக்காத காரியங்களாக அடுக்கிக்கொண்டே போகும் பாட்டு. ஹௌலின் சகோதரி மகனுக்கு அது பள்ளி வீட்டுப்பாடம். தாள் மாறி மைக்கேலிடம் வந்துசேர, அவன் மந்திரம் என்று நினைத்துச் செய்துபார்க்கப் புறப்படுகிறான். சூனியக்காரியோ அதே பாட்டைச் சாபமாக ஹௌல் மீது ஏவியிருக்கிறாள். அடுக்கிய ஒவ்வொன்றும் நடந்துமுடியும்போது அவன் அவள் கையில் சிக்குவான். பாட்டில் பத்தாயிரம் பகலும் இரவும் என்று ஓர் இடம் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 27 ஆண்டுகள். ஹௌலின் வயது அதுதான்.

மைக்கேலும் சோஃபியும் இரவில் சதுப்பு நிலத்துக்கு நட்சத்திரம் பிடிக்கப் போகும் காட்சியை மறுபடி நிதானமாகப் படியுங்கள். உதவத்தான் மைக்கேல் ஓடுகிறான். நட்சத்திரமோ மிரண்டு விலகி, தண்ணீரில் விழுந்து அவிந்துபோகிறது. வேடிக்கைபோல வரும் இந்த இடத்தில்தான் நாவலின் ரகசியம் இருக்கிறது. ஹௌலும் ஒருகாலத்தில் இப்படி ஒரு நட்சத்திரத்தைப் பிடித்தவன். அது அவிந்துவிடாமல் இருக்கத் தன் இதயத்தைக் கொடுத்தான். கோட்டை அடுப்பில் முணுமுணுத்துக்கொண்டே எரியும் கால்சிஃபர் என்ற நெருப்புப் பூதம் அந்த நட்சத்திரம்தான்.

ஹௌல் ஒரு கோழை, பகட்டுப் பேர்வழி. இவனைப் போய் ஏன் காதலிக்க வேண்டும்?

நீங்கள் சொல்லும் குறை எல்லாமே உண்மை. குளியலறையில் மணிக்கணக்கில் அலங்காரம் செய்கிறான். முடியின் நிறம் கெட்டதற்கு வீடெல்லாம் பச்சைக் குழம்பு வழியும்படி அழுது தீர்க்கிறான். பயமான காரியத்தைச் செய்யப்போவதில்லை என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டால்தான் அவனால் அதைச் செய்யவே முடியும். இப்படிப்பட்டவன் சோஃபியைத் தேடிச் சூனியக்காரியின் கோட்டைக்கு வரும்போது எப்படி வருகிறான்? சவரம் செய்யாத முகம், கலைந்த முடி, சிவந்த கண்கள். சோஃபி அவனைப் பார்த்ததும் புரிந்துகொள்கிறாள். காதலைச் சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை. இளையோர் நாவல்களில் இதைவிட அழகாக எழுதப்பட்ட காதல் காட்சியை நான் படித்ததில்லை.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுங்கள் அம்மா. வெவ்வேறு மனிதர்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் ஆளை உருவாக்க நினைக்கும் சதி ஒன்று உண்டு. பயந்த சுபாவமுள்ள பிள்ளை என்றால் கடைசிப் பகுதியைச் சேர்ந்து படியுங்கள்.

தொடர்ச்சி நாவல்கள் உண்டா?

இரண்டு. 1990இல் 'காஸில் இன் தி ஏர்', 2008இல் 'ஹவுஸ் ஆஃப் மெனி வேஸ்'. முதலாவதில் கதாநாயகன் அப்துல்லா என்ற கம்பள வியாபாரி. ஹௌலையும் சோஃபியையும் உடனே தேடாதீர்கள். இருவரும் வருகிறார்கள், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் உருவத்தில் அல்ல.