எடை ஏறுவது சாயங்காலத்தில்தான்: வளரும் பிள்ளைகளின் சாப்பாடு பற்றிக் கேள்வி-பதில்

மகன் பிளஸ் டூ படிக்கிறான். 168 செ.மீ. உயரம், 82 கிலோ. காலையில் சாப்பிடுவதில்லை, மதிய டப்பாவும் பாதி அப்படியே திரும்பி வருகிறது. எடை மட்டும் ஏறுகிறது. தைராய்டாக இருக்குமோ? (ஒரு தாய், நாமக்கல்)

அவன் குறைவாகச் சாப்பிடவில்லை அம்மா, சாப்பிடும் நேரம்தான் மாறியிருக்கிறது. என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நாலு மணிக்கு மேல்தான் எடை ஏறுகிறது. காலையும் மதியமும் அரைவயிறாக ஓடிவிட்டால் பள்ளி விட்டதும் அகோரப் பசி எடுக்கும். அந்த நேரத்தில் கையில் கிடைப்பது பஃப்ஸும் குளிர்பானமும்தான். 250 மி.லி. கோலாவில் மட்டும் ஏறக்குறைய 26 கிராம் சர்க்கரை. நாள் முழுவதற்குமே 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்புறம் டியூஷன் முடிந்து பரோட்டா, வீட்டுக்கு வந்து தோசை. ராத்திரி வயிறு நிறைந்து படுத்தால் காலையில் எப்படிப் பசிக்கும்?

நாலரை மணிக்கென்று தனியாக ஒரு டப்பா கொடுத்தனுப்புங்கள். அவித்த வேர்க்கடலை, அல்லது சுண்டல், அல்லது இரண்டு அவித்த முட்டை, கூட ஒரு பழம். பசி அங்கேயே அடங்கினால் கடை வாசலில் நிற்பது குறையும், மறுநாள் காலைப் பசியும் திரும்பும். காலையில் இரண்டு இட்லியில் தொடங்கினால் போதும்.

தைராய்டு குறைவாக இருந்தால் வளரும் வயதில் உயரம் கூடுவதும் தடைப்படும். உயரம் சரியாக வளர்ந்த பையனுக்கு எடை ஏற அது மட்டுமே காரணமாக இருப்பது அரிது. ஆனாலும் வயதுக்கான வளர்ச்சி அட்டவணைப்படி இது உடல்பருமன்தான். சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், தைராய்டு எல்லாவற்றையும் ஒருமுறை மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கு அது ஓர் அடையாளம்.

விடுதி மெஸ்ஸில் மூன்று வேளையும் அரிசிதான். எப்படி எடை குறைப்பது? (பொறியியல் மாணவர், கோவை)

அரிசியோடு சண்டை வேண்டாம் தம்பி. தட்டில் முதலில் பொரியல், அப்புறம் சாம்பார், தயிர், கடைசியில் சோறு என்று வாங்குங்கள். சாம்பார் ஊற்றும் அண்ணனிடம் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றச் சொல்லுங்கள். மேலே இருப்பது வெறும் தண்ணீர், பருப்பு அடியில் கிடக்கிறது. முட்டை போடும் நாளில் தவறவிடாதீர்கள். அறையில் பொட்டுக்கடலையும் வாழைப்பழமும் இருக்கட்டும். பதினோரு மணிக்கு மேல் விழித்திருந்தால் நூடுல்ஸ் தேடத்தான் தோன்றும், அதனால் தூக்கத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு கிலோ குறைந்தால் அதுவே நல்ல வேகம்.

வயது 19, 158 செ.மீ., 57 கிலோ. 45 ஆக வேண்டும் என்று இரவில் தண்ணீர் மட்டும் குடிக்கிறேன். முடி கொட்டுகிறது, இரண்டு மாதமாக மாதவிடாய் வரவில்லை. (கல்லூரி மாணவி, மதுரை)

இன்று ராத்திரியே சாப்பிடுங்கள். உங்கள் உயரத்துக்கு 57 கிலோ அதிகமே இல்லை. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கில் 22.8 வருகிறது. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனால்தான் அதிக எடை. நீங்கள் ஆசைப்படும் 45 கிலோவில் அது 18 ஆகிவிடும். 18.5-க்குக் கீழே போனால் எடைக்குறைவு.

முடி கொட்டுவதும் மாதவிடாய் நின்றதும் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்வதாக இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம், ஆகவே இந்த வாரமே மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. தட்டைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்றால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜிம்மில் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். 60 கிலோ இருக்கிறேன், வேண்டுமா?

தேவையில்லை. சாதாரணமாக உங்களுக்கு நாளைக்கு 50 கிராம் புரதம் போதும், எடை தூக்கினால் 80 கிராம் வரை போகலாம். முட்டை, பருப்பு, பால், மீன், கடலையிலேயே அது வந்துவிடும்.

மகளுக்கு 15 வயது. எடையைப் பற்றி வாயைத் திறந்தாலே அழுகிறாள். எப்படிச் சொல்வது? (ஒரு தந்தை, திருச்சி)

சொல்லவே சொல்லாதீர்கள். எடையைச் சொல்லிச் சொல்லிக் காட்டினால் பிள்ளைகள் ஒளித்துச் சாப்பிடப் பழகுகிறார்கள். வீட்டில் முறுக்கு, மிக்சர் டப்பாவை நிரப்பி வைத்துவிட்டு அவளை மட்டும் தொடாதே என்பது நியாயமில்லை. வாங்குவதை நிறுத்துங்கள், எல்லாருக்கும் ஒரே சமையல் இருக்கட்டும். மாலையில் நீங்களும் அவளோடு இறகுப்பந்து ஆடுங்கள். இந்த வயதில் தினம் ஒரு மணி நேரம் உடம்பு அசைய வேண்டும். அவள் இன்னும் வளர்வாள் என்றால், எடை இப்படியே நின்றாலும் போதும், உயரம் கூடக்கூடச் சரியாகும். கல்யாண வீட்டில் யாராவது "என்ன இப்படிக் குண்டாயிட்டே" என்று ஆரம்பித்தால், அவள் பதில் தேடித் தவிக்கும்படி விடாமல் நீங்களே குறுக்கிட்டுப் பேச்சை நிறுத்துங்கள்.