உரம் போட்டால் பூ போய்விடும்!

கேள்வி: இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் சுண்ணாம்புக் குன்றுகளில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள்கூட இருக்குமாமே? மண்ணே சில அங்குலம்தானாம்!

பதில்: மண் மெலிந்திருப்பதால்தான் அத்தனை வகை. அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் நிற்காமல் இறங்கிவிடும். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. மணிச்சத்தை (பாஸ்பரஸ்) சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்வதால் வேருக்குக் கிடைப்பது கொஞ்சமே. இந்தப் பஞ்சத்தில் எந்தப் புல்லும் கொழுத்து மற்றதை அமுக்க முடியாது. அதனால் ஷீப்ஸ் ஃபெஸ்க்யூ என்ற ஊசிப்புல்லுக்கு நடுவே காட்டுத் தைம், ராக்ரோஸ், ஹார்ஸ்ஷூ வெட்ச் போன்ற சிறு பூச்செடிகள் எல்லாம் தலைகாட்டுகின்றன. நாயின் கழிவும் இங்கே உரம்தான். அள்ளிக்கொண்டு போகச் சொல்வது சுத்தத்துக்காக மட்டுமல்ல.

கேள்வி: இயற்கைக் காப்பகத்தில் ஆடுகளுக்கு என்ன வேலை? அப்படியே விட்டுவிடலாமே?

பதில்: விட்டால் முதலில் டோர் கிராஸ் என்ற முரட்டுப் புல் படரும், அடுத்து ஹாதார்னும் டாக்வுட்டும் புதர் மண்டும். இது நடந்தே இருக்கிறது. 1953-ல் மிக்ஸோமடோசிஸ் நோய் பிரிட்டனுக்குள் நுழைந்து முயல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அவை கொறித்துக் கட்டையாக வைத்திருந்த சரிவுகளில் புல் உயர்ந்தது. ஹார்ஸ்ஷூ வெட்ச்சை மட்டுமே தின்னும் அடோனிஸ் ப்ளூ வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கு வெயில் படும் குட்டைப் புல் வேண்டும், அந்தப் பூச்சியும் அருகியது.

பெரும்பாலும் விதை உதிர்ந்த பிறகு, இலையுதிர் காலம் முதல் குளிர்காலம் வரை மேய்ப்பார்கள். புல் சுமார் 2 முதல் 5 செ.மீ. நின்றால் போதும். பகுதி பகுதியாக மேய்ப்பது நல்லது. மொத்தமாக மொட்டையடித்தால் பூச்சிகளுக்கு ஒதுங்க இடமிருக்காது. முற்றிய டோர் கிராஸை ஆடு சீண்டாது. அதற்கு மாடோ குட்டைக் குதிரை இனமோ வேண்டும். வழக்கமாகக் கெடுவது எங்கே தெரியுமா? வெளியிலிருந்து தீவனம் கொண்டுவந்து போடுவதில். அதிலுள்ள சத்தெல்லாம் சாணமாகி மண்ணில் சேர்ந்துவிடும். ஐவர்மெக்டின் குடற்புழு மருந்து கொடுத்த கால்நடையை உடனே விட்டாலும் சாண வண்டுகள் பாதிக்கப்படும்.

கேள்வி: வெட்டிய டாக்வுட் மறுபடி தழைக்கிறதே?

பதில்: வேரிலிருந்தே கன்று விடும் செடி அது. பறவைகள் கூடு கட்டாத குளிர்காலத்தில் தரையொட்டி வெட்டி, வெட்டுவாய் காய்வதற்குள் கிளைஃபோசேட் களைக்கொல்லியைத் தூரிகையால் தடவ வேண்டும். வசந்தத்தில் செய்தால் மேலேறும் சாறு மருந்தைத் தள்ளிவிடும். வெட்டிய கிளைகளை அங்கேயே மட்க விடாதீர்கள், சாம்பலையும் விடாதீர்கள், இரண்டும் உரம். ஜூனிப்பரை மட்டும் வெட்டிவிட வேண்டாம், அது காப்பாற்ற வேண்டிய புதர்.

கேள்வி: உழுது பயிரிட்ட நிலத்தைப் பழையபடி மாற்ற முடியுமா?

பதில்: முதலில் மண் பரிசோதனை. ஓல்சன் என்ற பரிசோதனை முறையில் மணிச்சத்து லிட்டருக்கு 16 மி.கி.க்கு மேல் இருந்தால் விதைக்குப் போடும் காசு வீண் என்பதே எங்கள் கருத்து. குறைவாக இருந்தால், அருகிலுள்ள நல்ல புல்வெளியில் ஜூலையில் பச்சைப்புல் அறுத்து அன்றே பரப்புங்கள். ஒரு ஹெக்டேர் புல் ஏறக்குறைய மூன்று ஹெக்டேருக்கு வரும். இரவு முழுக்கக் குவித்து வைத்தால் சூடேறி விதை வெந்துவிடும்.

புல் தடித்திருந்தால், அதன் வேரை உறிஞ்சி வாழும் யெல்லோ ராட்டில் என்ற செடி கைகொடுக்கும். பாதி மண் தெரியும்படி கீறி, சதுர மீட்டருக்கு ஒரு கிராம் அளவில் புது விதையை இலையுதிர் காலத்தில் தூவ வேண்டும். குளிர்காலக் குளிர் படாமல் முளைக்காது. ஓராண்டுச் செடி, விதை விழுமுன் அறுத்தால் மறு ஆண்டு காணாமல் போய்விடும்.

கேள்வி: ஒரே ஒரு ஆர்கிட்டைத் தோண்டி எடுத்து வரலாமா?

பதில்: கூடாது. நில உரிமையாளர் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981-ன் வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி குற்றம். எர்லி ஸ்பைடர், மங்கி ஆர்கிட்களில் பூப் பறிப்பதே குற்றம். படம் எடுங்கள், முட்டி போடுமுன் தரையில் ஆர்கிட் இலைக்கொத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.