இந்தப் பாட்டை எங்கே பிடிப்பது? பல வகை இசைக்கு ஒரு கேள்வி பதில்

கர்நாடக சங்கீதமும் சினிமாப் பாட்டும் கேட்டுப் பழகியவர்கள் வேறு இசைக்குள் நுழையும்போது திணறுகிற இடங்கள் பற்றி வந்த கேள்விகள் இவை. என் பதில்களுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே யோசனைதான். எந்த இசையிலும் அசையாமல் நிற்பது ஒன்று இருக்கும், அதன் மேல் ஓடியாடுவது ஒன்று இருக்கும். அசையாததை முதலில் கண்டுபிடியுங்கள்.

கேள்வி (சேலம்): சார், ஜாஸ் கேட்டா ஆளாளுக்கு இஷ்டத்துக்கு வாசிக்கிற மாதிரி இருக்கு. எனக்குத் தாளம் போடத் தெரியும், ராகமும் ஓரளவு பிடிபடும். எதுல ஆரம்பிக்கலாம்?

பதில்: மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) ஆல்பத்தில் முதல் உருப்படி, 'ஸோ வாட்'. உங்களுக்கு இருக்கிற ஞானமே இதற்குப் போதும். ஸ்ருதிப் பெட்டியை 2 கட்டையில் (மேற்கத்தியக் கணக்கில் D) வையுங்கள். முதல் அரை நிமிஷம் பியானோவும் பாஸும் (கீழ் ஸ்ருதித் தந்தி வாத்தியம்) தாளக்கட்டு இல்லாமல் போகும், அதை விட்டுவிடுங்கள். பிறகு பாஸ் ஒரு கேள்வி மாதிரி வாசிக்கும், மற்றவர்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்வார்கள். அங்கிருந்து ஆதி தாளம் போடுங்கள்: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு வீச்சு, தட்டு வீச்சு. 8 ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று ஒரு ஆவர்த்தனம்) 2 கட்டையில் போகும். அடுத்த 4 ஆவர்த்தனம் ஆதார ஸ்ருதியே அரைக் கட்டை ஏறி 2½ ஆகும். கடைசி 4 ஆவர்த்தனம் மறுபடி 2 கட்டை. மொத்தம் 16 ஆவர்த்தனம், அவர்கள் கணக்கில் 32 பார் (ஒரு பார் 4 எண்ணிக்கை). இதுதான் அசையாதது. டேவிஸ் (டிரம்பெட்), கோல்ட்ரேன், ஆடர்லி (இருவரும் சாக்ஸஃபோன்) மூவரும் இந்தச் சுற்றின் மேல் ஆளுக்கு இரண்டு முறை கற்பனை செய்கிறார்கள். சுரங்கள் கரஹரப்பிரியாவின் சுரங்களே. கமகம் கிடையாது என்பதால் ராகமாகத் தேடாதீர்கள், ஏமாற்றம்தான் வரும்.

அவரே மறுபடி: 2 கட்டைல வச்சேன். ஒட்டவே இல்ல, பாட்டு கொஞ்சம் ஏறி நிக்குது.

பதில்: உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. முதல் நாள் பதிவின்போது முக்கிய டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் பாட்டு வேகமாகும், ஸ்ருதியும் ஏறும். முதல் மூன்று உருப்படிகள் பல ஆண்டுகள் அப்படியேதான் விற்பனையில் இருந்தன. 1992 மறுவெளியீட்டில், கூடவே ஓடிய இன்னொரு டேப்பிலிருந்து எடுத்துச் சரிசெய்தார்கள். உங்களிடம் இருப்பது பழைய பிரதியாக இருக்கும். புதிய பிரதியைப் போட்டுப் பாருங்கள், ஒட்டும்.

கேள்வி (தஞ்சாவூர்): மிருதங்கம் கத்துக்கறேன். 'டேக் ஃபைவ்' அஞ்சு எண்ணிக்கைன்னு சொல்றாங்க. கண்ட சாபு போட்டா இடறுதே?

பதில்: கண்ட சாபுவை நாம் 'தக தகிட' என்று 2+3 ஆகப் பிரிக்கிறோம். டேவ் ப்ரூபெக் ஜாஸ் குழுவின் அந்த 1959 பதிவு 3+2, அதாவது 'தகிட தக'. இடறுவது அதனால்தான். பியானோவை மட்டும் கவனியுங்கள். நடுவில் ஜோ மொரெல்லோ டிரம்ஸில் தனி வாசிக்கும்போதும் பியானோ அதே 3+2-ஐ விடாமல் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் மொரெல்லோ எண்ணிக்கையைத் தாண்டித் தாண்டி இடம் விட்டு வாசிக்கிறார்.

கேள்வி (கோவை): ப்ளூஸ் எல்லாம் ஒரே மாதிரி கேக்குது. என்ன வித்தியாசம்?

பதில்: அச்சு ஒன்றுதான், 12 பார். ஆதி தாளத்தில் 6 ஆவர்த்தனம். முதல் இரண்டும் ஷட்ஜத்தில் நிற்கும், மூன்றாவது மத்யமத்தில், நான்காவது ஷட்ஜத்தில், ஐந்தாவதில் பாதி பஞ்சமம் பாதி மத்யமம், ஆறாவது ஷட்ஜம். மட்டி வாட்டர்ஸ், பி. பி. கிங் இருவரிடமும் இந்தச் சுற்றை எண்ணிப் பழகுங்கள். ஜான் லீ ஹுக்கரிடம் தொடங்க வேண்டாம். அவர் ஒரே ஆதாரத்தில் நின்றுவிடுவார், வரி நீண்டால் பாரையும் நீட்டிவிடுவார். அங்கே உங்கள் எண்ணிக்கை தப்பினால் அது உங்கள் பிழை ஆகாது.

கேள்வி (மதுரை): ராஜா சார் இசை வழியா மேற்கத்திய சாஸ்திரிய இசைக்குப் போக வழி இருக்கா?

பதில்: நேர் வழியே இருக்கிறது. 1986-இல் வந்த 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் சமர்ப்பித்திருக்கிறார் இளையராஜா. அதில் ஒரு உருப்படி பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் கொண்ட தனி வயலின் உருப்படி) முதல் பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் மேல் வேறு வயலின்களைப் பின்னுகிறது. அதைப் பத்து முறை கேட்டுவிட்டு, பாக் எழுதியபடி ஒற்றை வயலினில் அதே பகுதியைக் கேளுங்கள். எது யாருடையது என்று காது தானே பிரித்துச் சொல்லும்.

அடுத்த படி, பாக் கீபோர்டுக்கு எழுதிய 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்'. இதில் அசையாதது இடது கை. 5 கட்டை ஸ்ருதியில் முதல் 8 பாரின் அடி சுரங்கள்: ச நி த ப க ம ப ச. நம் சங்கராபரண சுரங்கள். இதை வாய்விட்டுப் பாடி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் வரும் 'ஆரியா'வுக்குப் பிறகு 30 மாறுபாடுகள். அத்தனைக்கும் அடித்தளம் இதுவும் இதைத் தொடர்ந்து வரும் 24 பாரும்தான். பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1955-இல் வாசித்தது சுமார் 38 நிமிஷம், 1981-இல் வாசித்தது சுமார் 51 நிமிஷம். முதலில் 1981 பதிவைக் கேளுங்கள், அடி சுரம் நிதானமாகக் காதில் விழும். கூடவே அவர் முணுமுணுப்பதும் கேட்கும், பதிவில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஃபோனில் ஷஃபிளையும், ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததைக் கலக்கிற கிராஸ்ஃபேடையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் வரிசையே சிதைந்துவிடும்.

கேள்வி (தூத்துக்குடி): பாப் மார்லி பாட்டு ஃபோன்ல சப்புன்னு இருக்கு. எல்லாரும் ஏன் இப்படிக் கொண்டாடறாங்க?

பதில்: மார்லி பாடுவது ஜமைக்காவின் ரெகே இசை. ரெகேயில் பாட்டைத் தூக்கிச் செல்வது பாஸ் கிட்டார். அதன் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கரில் அந்த ஆழம் வரவே வராது, நீங்கள் கேட்பது மேல்தோலை மட்டும். வயர் ஹெட்ஃபோனிலோ பெரிய ஸ்பீக்கரிலோ கேளுங்கள். 1-2-3-4 எண்ணுங்கள். பல பாட்டுகளில் 1-இல் பெரிய டிரம் விழாது, 3-இல்தான் விழும். அதை 'ஒன் டிராப்' என்பார்கள். டிரம்ஸ் கார்ல்டன் பாரெட், பாஸ் அவர் அண்ணன் ஆஸ்டன். முதல் நான்கு பாட்டில் மார்லியை மறந்துவிட்டு இந்த இரண்டு பேரை மட்டும் கேளுங்கள்.

கேள்வி (காயல்பட்டினம்): உம் குல்தூம் ஒரு வரியை எத்தனை தடவைதான் பாடுவாங்க?

பதில்: அந்த எகிப்தியப் பாடகி செய்வது நம் நிரவல் மாதிரி. வரி அசையாது, அதைப் பாடுகிற விதம் ஒவ்வொரு முறையும் மாறும். சபை கூச்சல் போடுகிற இடத்தைக் கவனித்தால் மாற்றம் எங்கே என்று தெரியும். ஆகவே ஸ்டுடியோப் பதிவைவிடக் கச்சேரிப் பதிவே நல்லது. 1964-இல் அப்துல் வஹாப் இசையமைத்த 'இன்த்த உம்ரி'யில் தொடங்கலாம், முன்னிசையில் மின்கிட்டாரும் உண்டு. மகாம் என்பது அரபு இசையில் நம் ராகம் மாதிரி. அவற்றில் ராஸ்த் என்ற மகாமில் வருகிற காந்தாரம் நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் இருக்கும். ஹார்மோனியத்தில் தேடினால் கிடைக்காது.

கேள்வி (சென்னை, கல்லூரி மாணவர்): அண்ணா, மெட்டல் வெறும் சத்தம்னு அப்பா சொல்றார். என்ன பதில் சொல்லலாம்?

பதில்: தம்பி, பிளாக் சப்பாத் 1970-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் முதல் பாட்டைப் போட்டுக் காட்டுங்க. கிட்டார் வாசிப்பது ச, மேல் ச, பிரதி மத்யமம், அவ்வளவுதான். பஞ்சமத்துக்கு அரைப்படி கீழே நிறுத்திவிடுவதால் வருகிற கலக்கம்தான் அந்தப் பாட்டே. அப்பா சங்கீதம் கேட்பவர் என்றால் உடனே பிடித்துக்கொள்வார். கிட்டார்காரர் டோனி ஐயோமி இரும்புத் தகட்டுத் தொழிற்சாலையில் வலது கையில் இரண்டு விரல் நுனியை இழந்தவர். இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துவதே அந்தக் கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். மூன்றாவது ஆல்பத்தில் ஸ்ருதியையும் ஒன்றரைக் கட்டை இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு வலி குறைந்தது, ஒலியும் கனத்தது.

கேள்வி (மயிலாடுதுறை): ராஜரத்தினம் பிள்ளையோட தோடி தேடிப் போட்டேன். காது கிழியுது, தாத்தா சொன்ன சுகம் வரல.

பதில்: நாகஸ்வரம் திறந்த வெளிக்கான வாத்தியம், அதை இயர்ஃபோனில் காதுக்குள் வைத்தால் அப்படித்தான் இருக்கும். ஸ்பீக்கரில் போட்டு அடுத்த அறையிலிருந்து கேளுங்கள். ஈக்வலைசரில் மேல் ஒலியைக் கொஞ்சம் குறையுங்கள், இரைச்சலும் அடங்கும். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிஷம்தான் அடங்கும். அதனால் தட்டுப் பதிவைவிட நீளமான கச்சேரிப் பதிவைத் தேடுங்கள். ஆலாபனையில் தாளம் கிடையாது, அசையாதது ஸ்ருதி ஒன்றுதான். காந்தாரத்தை அவர் ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்து அசைத்து எங்கே கொண்டுபோய் விடுகிறார் என்று மட்டும் பின்தொடருங்கள்.

கேள்வி (ஈரோடு): நல்ல பாட்டா பாத்து நண்பர்களுக்கு அனுப்பறேன். ஒருத்தரும் கேக்கறதில்ல.

பதில்: ஒரே நாளில் பத்து அனுப்பினால் யாருமே திறக்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒன்று அனுப்புங்கள். லிங்க்கோடு, எதைப் பிடித்துக்கொண்டு கேட்கவேண்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள். 'சூப்பர், கேட்டுப் பாரு' என்று எழுதுவதால் பயன் இல்லை. 'ஸ்ருதியை 2 கட்டையில் வை, ஆதி தாளம் போடு, எட்டு ஆவர்த்தனம் முடிந்ததும் என்ன ஆகுதுன்னு எனக்குச் சொல்லு' என்று எழுதுங்கள். அவர் திருப்பி அனுப்புகிற பாட்டை முழுசாகக் கேட்ட பிறகு உங்கள் அடுத்த பாட்டை அனுப்புங்கள்.